சாலை தின்ற உப்பு... தண்ணி குடித்தது யார்?

2014 அக்டோபர் மாதம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்றொரு ஊர். அங்கே இருக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் எஞ்சின் தொழிற்சாலை, ஊர்க் குழாய்த் தண்ணீரை இனி பயன்படுத்துவதில்லை என்று முடிவு எடுத்தது.

காரணம்? தண்ணீரில் குளோரைடு அதிகம். எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன.

பக்கத்து டவுன்ஷிப்பில் இருந்து வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். பிரச்சனை தீர்ந்தது. தொழிற்சாலைக்கு மட்டும்.

ஊரில் இருந்த சுமார் ஒரு லட்சம் மக்கள் அதற்குப் பிறகும் ஒரு வருடம் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். பால்பவுடர் கரைத்துப் பச்சைக்குழந்தைக்குக் கொடுத்ததும் அந்தத் தண்ணீரில்தான்.

இரும்புக்கே ஆகாத தண்ணீர் குழந்தைக்கு எப்படி ஆகும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கு. அந்த வரலாற்றில் முக்கியமான பாத்திரம், நம்ம அடுப்படியில் இருக்கிற அதே சோடியம் குளோரைடு. பனிக்காலத்தில் சாலையில் கொட்டப்படும் உப்பு.

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

முதலில், சாலையில் எதற்கு உப்பு?

பானை குல்ஃபி விற்பவரைப் பார்த்திருப்பீங்க. ஐஸ்கட்டியோடு கல்லுப்பையும் அள்ளிப் போடுவார். உப்பு சேர்ந்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது. அதன் உறைநிலை கீழே இறங்கும். நூற்றுக்கு 23 பங்கு உப்பு கலந்த நீர், மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை திரவமாகவே இருக்கும்.

அதே கணக்குதான் சாலையிலும். பனிக்கட்டி மேல் உப்பு விழுந்தால் அது மெல்லக் கரைந்து உப்புநீராகும். பனிக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். வழித்து எடுக்கலாம், டயர் வழுக்காது.

ஆனால் ஒரு எல்லை உண்டு. சாலையின் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் சாதா உப்பு ரொம்ப மெதுவாகத்தான் வேலை செய்யும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

இப்போ வரலாற்றுக்குள் போவோம்.

கார் வருவதற்கு முன்னால் பனி நாடுகளில் யாரும் சாலையில் இருந்து பனியை முழுசா அகற்ற நினைக்கவில்லை. குதிரை வண்டிக்காரருக்குப் பனி எதிரியே இல்லை. குளிர்காலம் வந்ததும் சக்கர வண்டியை ஓரங்கட்டிவிட்டு சறுக்குவண்டியைப் பூட்டிவிடுவார். பெரிய மர உருளைகளைக் குதிரைகளை வைத்து இழுத்து, பனியை அமுக்கிக் கெட்டியாக்கி வைத்தார்கள்.

வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவின் வடகிழக்கில் கூரை போட்ட மரப்பாலங்கள் நிறைய. கூரை இருப்பதால் உள்ளே பனி விழாது. சறுக்குவண்டி போக முடியாது. அதனால் கூலி கொடுத்து ஆள் வைத்து, வெளியே கிடந்த பனியை அள்ளிவந்து பாலத்துக்குள் பரப்பினார்கள்!

19ஆம் நூற்றாண்டிலேயே சில நகரங்கள் தெருவில் உப்பு போட்டுப் பார்த்தன. மக்கள் சண்டைக்கு வந்தார்கள். சறுக்குவண்டி ஓட வழியில்லை, செருப்பும் துணியும் பாழாகிறது என்று ஒரே புகார்.

ஆக, உப்பின் கெடுதலை நம் முன்னோர் தலைமுறையே கவனித்திருக்கு. பிறகு கார் வந்தது. கதை தலைகீழாக மாறியது.

ரப்பர் டயருக்குப் பனி ஆகாது. ஆரம்பத்தில் மணலையும் நிலக்கரிச் சாம்பல் கட்டிகளையும் தூவிப் பார்த்தார்கள். மணல் பிடிப்புத் தரும், ஆனால் பனியை உருக்காது.

1938-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் நெடுஞ்சாலையில் உப்புத் தூவும் சோதனையைத் தொடங்கியது. இந்தப் பெயரையும் நினைவில் வைங்க. மறுபடி வரும்.

1941-42 குளிர்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகள் முழுக்கத் தூவப்பட்ட உப்பு மொத்தம் சுமார் 5,000 டன்.

உலகப் போர் முடிந்தது. வீட்டுக்கு வீடு கார். ஊருக்கு வெளியே புறநகர்க் குடியிருப்புகள். 1956-ல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளுக்கான சட்டம். புயல் அடித்தாலும் காலையில் வேலைக்குப் போகணும். அதனால் பனி ஓய்ந்த சில மணி நேரத்துக்குள் கருப்புத் தார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே சாலைத் துறைகளின் கொள்கையானது.

1955-ல் ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் டன். அடுத்த 15 வருடத்துக்குள் கிட்டத்தட்ட ஒரு கோடி டன். இன்று அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 2 கோடி டன்.

இவ்வளவு உப்பு எங்கிருந்து?

40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்றைய மிச்சிகன், ஒன்டாரியோ பகுதிகள் ஒரு ஆழமில்லாத கடலுக்கு அடியில் இருந்தன. அந்தக் கடல் வற்றி விட்டுச்சென்ற உப்புப் பாறை இன்றும் தரைக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. டெட்ராய்ட் நகரத்துக்குக் கீழே உப்புச் சுரங்கம். கிளீவ்லாண்டில் ஈரி ஏரிக்குக் கீழே உப்புச் சுரங்கம். கனடாவின் காடரிச் ஊரில், ஹ்யூரான் ஏரிக்குக் கீழே சுமார் 1,800 அடி ஆழத்தில், உலகிலேயே பெரிய உப்புச் சுரங்கம்.

ஏரிக்கு அடியில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடந்த உப்பை வெட்டி, மேலே கொண்டுவந்து, சாலையில் கொட்டினால் அது எங்கே போகும்? பனி உருகும்போது ஓடைக்கு, ஓடையில் இருந்து ஏரிக்கு. மீதி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீருக்கு.

இங்கேதான் ஒரு மருத்துவரா நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கு.

நீங்க ஊறுகாயைக் கூடக் கொஞ்சம் சாப்பிட்டா, சிறுநீரகம் வேலை செய்து அதிகப்படியான சோடியத்தையும் குளோரைடையும் வெளியே தள்ளிவிடும். ஏரிக்குச் சிறுநீரகம் கிடையாது.

குளோரைடை எந்த பாக்டீரியாவும் சிதைக்காது. செடி பெரிதாக உறிஞ்சாது. வெயிலில் ஆவியாகாது. வழக்கமான குடிநீர்ச் சுத்திகரிப்பிலும் போகாது. எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது நம்ம வீட்டு ஆர்.ஓ. மாதிரி செலவு பிடிக்கும் முறை வேண்டும். உப்பு கரைந்ததும் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். ஒரு கிராம் கூடக் குறையாது.

இதற்கான முதல் எச்சரிக்கைகள் 1970 வாக்கிலேயே வந்துவிட்டன.

நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகருக்குப் பக்கத்தில் இரான்டிகோய்ட் என்றொரு விரிகுடா. 1971-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு சொன்னது: 20 வருடத்தில் இங்கே குளோரைடு குறைந்தது 5 மடங்கு கூடியிருக்கிறது. உப்புநீர் கனமானது, அடியில் போய்த் தங்கிவிடுகிறது. வசந்த காலத்தில் மேல்நீரும் அடிநீரும் புரண்டு முழுசாகக் கலக்க வேண்டும். 1970 வசந்தத்தில் அந்தக் கலப்பு முழுமையாக நடக்கவில்லை.

கலக்காவிட்டால் என்ன? அடிநீருக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவது அப்படித்தான். அது தடைபட்டால் அடியில் வாழும் உயிர்களுக்கு மூச்சுத்திணறல்.

அதே காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பர்லிங்டன் என்ற சிற்றூர், தன் குடிநீர்க் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பார்த்துவிட்டு, தெருக்களில் உப்புத் தூவுவதையே நிறுத்தியது.

குடிநீரில் சோடியம் ஏறினால் உடம்புக்கு என்ன ஆகும்? பயமுறுத்தாமல் கணக்கோடு சொல்றேன்.

நமக்குச் சோடியம் பெரும்பாலும் வருவது சாப்பாட்டில் இருந்துதான். ஆனால் ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் இருந்து, தினமும் 2 லிட்டர் குடித்தால், அது மட்டுமே ஒரு கிராம் உப்புக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் உச்ச அளவு 5 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் தண்ணீரிலேயே உள்ளே போய்விடும்.

ஆரோக்கியமானவர் சமாளித்துக்கொள்வார். இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர், கட்டுப்படாத ரத்தக்கொதிப்பு உள்ளவர்? சாப்பாட்டில் உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, தண்ணீரில் அள்ளிக் குடித்த கதையாகிவிடும். இவர்களை மனதில் வைத்துத்தான் மாசசூசெட்ஸ் குடிநீருக்கு லிட்டருக்கு 20 மி.கி. சோடியம் என்ற கறாரான வழிகாட்டு அளவை வைத்திருக்கிறது.

சரி, 1970-லேயே தெரிந்தும் ஏன் நிற்கவில்லை?

முதலில் சத்தம் போட்டது இரும்பு. அதற்கு உடனே வைத்தியம் கிடைத்தது. கார்கள் துருப்பிடித்தன, துருப்பிடிக்காத பூச்சுகள் வந்தன. பாலங்களின் கான்கிரீட்டுக்குள் குளோரைடு புகுந்து கம்பிகளை அரித்தது. 1973-ல் பென்சில்வேனியாவில் எபாக்சி பூசிய கம்பியை வைத்துப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள்.

இரும்புக்குப் பூச்சு போட்டாயிற்று. தண்ணீருக்கு யார் பூச்சு போடுவது? உப்பு லாரிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

2005-ல் இன்னொரு முக்கியமான ஆய்வு. சுஜய் கௌஷல் என்ற விஞ்ஞானியும் சக ஆய்வாளர்களும் வடகிழக்கு அமெரிக்க ஓடைகளை அளந்தார்கள். மேரிலாந்து, நியூயார்க், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் சில ஓடைகளில் குளிர்கால குளோரைடு அளவு கடல்நீரில் 25 சதவீதம் வரை போயிருந்தது.

இது எவ்வளவு என்று புரிய, ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டிலை நினைச்சுக்கோங்க. அதில் லிட்டருக்கு சுமார் 5.4 கிராம் குளோரைடு. அந்த ஓடைகளில் சுமார் 5 கிராம். நன்னீர் மீனும் பூச்சியும் தவளை முட்டையும் கிட்டத்தட்ட சலைன் பாட்டிலுக்குள் கிடக்கின்றன!

அதைவிடக் கவலை தருவது, கோடையிலும் பல ஓடைகளில் உப்பு இறங்கவில்லை. வருடக்கணக்காக மண்ணுக்குள்ளும் நிலத்தடியிலும் சேர்ந்த உப்பு, பனியே இல்லாத மாதங்களிலும் கசிந்து வந்துகொண்டே இருந்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1988-ல் நன்னீர் உயிர்களுக்கு வைத்த நீடித்த பாதிப்பு வரம்பு, லிட்டருக்கு 230 மி.கி. குளோரைடு. நீங்களே கணக்குப் போடலாம். ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 6 கிராம், அதில் குளோரைடு சுமார் 3.6 கிராம். சுமார் 16 லிட்டர் தண்ணீரை, அதாவது ஒரு குடத்தை, வரம்புக்குக் கொண்டுபோக ஒரே ஒரு டீஸ்பூன் போதும். அங்கே கொட்டுவதோ லாரி லாரியாக.

அந்த வரம்பே போதாது என்று 2022-ல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. வரம்புக்குள் இருக்கும்போதே ஏரியின் நுண்ணிய மிதவை உயிர்கள் பெருமளவு மடிகின்றன. பாசியைத் தின்பவை அவைதான். அவை போனால் பாசி மண்டும்.

கனடா அரசு 2001-லேயே விரிவான மதிப்பீடு செய்து, சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நச்சுத்தன்மை கொண்டது என்ற முடிவுக்கு வந்தது. தடை செய்யவில்லை. 2004-ல் உப்பைக் கவனமாகக் கையாளும் நெறிமுறையை வெளியிட்டது.

இப்போ ஃப்ளின்ட்டுக்குத் திரும்புவோம்.

அந்த ஊருக்குப் பல ஆண்டுகளாக டெட்ராய்ட் வழியாக ஹ்யூரான் ஏரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். சாலைகளும் ஊர்களும் சூழ்ந்த ஆறு. அதன் குளோரைடுக்குச் சாலை உப்பும் ஒரு காரணம். சுத்திகரிப்பில் சேர்த்த ஃபெரிக் குளோரைடும் அதைக் கூட்டியது.

டெட்ராய்ட் தண்ணீரில் லிட்டருக்கு 11 மி.கி. வாக்கில் இருந்த குளோரைடு, ஃப்ளின்ட் குழாயில் 90-ஐத் தாண்டியது. சுமார் 8 மடங்கு.

கவனிங்க, இது சட்டத்தை மீறிய அளவே இல்லை. குடிநீரில் சுவைக்காக வைத்திருக்கும் வரம்பு 250. குடித்தால் கரிக்கக்கூடச் செய்யாது. ஆனால் உலோகத்தை அரிக்கப் போதும்.

அந்த ஊரின் பழைய குழாய்களிலும் பற்றவைப்புகளிலும் ஈயம் இருந்தது. டெட்ராய்ட் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் சேர்ப்பார்கள். அது குழாயின் உள்சுவரில் ஒரு காப்புப் படலம் போல் படிந்து ஈயம் கரையாமல் தடுக்கும். ஆற்று நீருக்கு மாறியபோது இதைச் சேர்க்கவே இல்லை. இதுதான் மன்னிக்க முடியாத தவறு. உப்பை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

பாலத்துக் கம்பிக்கு 1973-ல் கிடைத்த பூச்சு, குழந்தைகள் குடிக்கும் குழாய்க்கு 2014-ல் கிடைக்கவில்லை.

மோனா ஹன்னா அட்டிஷா. ஃப்ளின்ட்டில் இருந்த குழந்தைகள் நல மருத்துவர். மருத்துவமனைப் பதிவேடுகளில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்து, தண்ணீர் மாறுவதற்கு முன், பின் என்று ஒப்பிட்டார். ரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள குழந்தைகள் 2.4 சதவீதத்தில் இருந்து 4.9 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். தண்ணீரில் ஈயம் அதிகமிருந்த பகுதிகளில் 4-ல் இருந்து 10.6 சதவீதம்.

2015 செப்டம்பரில் பத்திரிகையாளர்களைக் கூட்டி இதைச் சொன்னார். அவர் கணக்கு தவறு என்று மாநில அதிகாரிகள் மறுத்தார்கள். சில நாட்களில் அவர்களுடைய சொந்தத் தரவே அவர் சொன்னதை உறுதிப்படுத்தியது. அக்டோபரில் ஊர் பழையபடி டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கும். வளரும் மூளையைப் பாதிக்கும். கற்கும் திறன், கவனம், நடத்தை எல்லாவற்றிலும் கை வைக்கும். போனதைத் திருப்பித் தர எங்களிடம் மருந்து கிடையாது.

உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும் என்பார்கள். இங்கே உப்பைத் தின்றது சாலை. தண்ணி குடித்தது குழந்தைகள்.

அப்போ சாலை உப்பையே தடை செய்துவிடலாமா?

கூடாது. பனிச் சாலையில் வழுக்கும் பள்ளிப் பேருந்தை நினைச்சுப் பாருங்க. மாரடைப்பு நோயாளியோடு வரும் ஆம்புலன்ஸை நினைச்சுப் பாருங்க. வாசலில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும் பாட்டியை நினைச்சுப் பாருங்க. உப்பு உயிர்களைக் காப்பாற்றுகிறது. அதில் சந்தேகம் இல்லை.

மருந்தும் அப்படித்தானே? 5 மில்லி கொடுக்க வேண்டிய சிரப்பைப் பாட்டிலோடு குடிக்கச் சொல்வோமா? சாலை உப்பின் வரலாற்றில் நடந்த தவறு, டோஸ் பார்க்காமல் கொடுத்தது.

டோஸ் குறைக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கு. பனி விழும் முன்பே 23 சதவீத உப்புநீரைச் சாலையில் கோடு கோடாகத் தெளிக்கிறார்கள். பனி தாரில் ஒட்டாது, உப்பும் குறைவாகவே ஆகும். காய்ந்த கல்லுப்பைத் தூவினால் உருண்டு ஓரத்துக்குப் போய் வீணாகும் என்பதால், நனைத்துத் தூவுகிறார்கள். மினசோட்டா மாநிலம் லாரி ஓட்டுநர்களுக்கே பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறது.

அமெரிக்காவில் வாகன நிறுத்தங்களில் ஒப்பந்ததாரர்கள் அளவுக்கு மீறிக் கொட்டுவதற்கு ஒரு காரணம், யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் என்ன செய்வது என்ற பயம். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பயிற்சி பெற்று, சரியான அளவில் உப்பிட்டு, பதிவேடு வைத்திருப்பவருக்கு வழக்கில் இருந்து பாதுகாப்பு தரும் சட்டம். 2013-ல் அதைக் கொண்டுவந்த மாநிலம் எது தெரியுமா?

நியூ ஹாம்ப்ஷயர். 1938-ல் உப்புச் சோதனையைத் தொடங்கிய அதே மாநிலம்.

டொராண்டோவிலும் மற்ற பனி நாடுகளிலும் இருக்கும் நம் சொந்தங்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலில் மண்வெட்டி, பிறகுதான் உப்பு. வழித்த பிறகு ஒட்டியிருக்கும் பனிக்கு மட்டும் தூவுங்க.

20 அடி டிரைவ்வேக்கு ஒரு பெரிய காபி மக் அளவு உப்பு போதும். நொறுக் நொறுக் என்று காலில் மிதிபட்டால் அது அதிகம்.

மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதா உப்பு கொட்டிப் பயனில்லை. வழுக்காமல் இருக்க மணல் தூவுங்க.

பனி உருகிய பின் தரையில் மிச்சம் கிடக்கும் உப்பைக் கூட்டி எடுத்து வைங்க. அடுத்த முறைக்கு ஆகும். விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு ஓடையில் இருக்கும்.

சாலையோரம் சொந்தக் கிணறு இருந்தால் வருடம் ஒருமுறை சோடியம், குளோரைடு, ஈயம் மூன்றையும் பரிசோதித்துப் பாருங்க. வீட்டில் இதய நோயாளி, சிறுநீரக நோயாளி, ரத்தக்கொதிப்பு உள்ளவர் இருந்தால் அந்த ரிப்போர்ட்டை அவங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. என்ன சாப்பிடுறீங்கன்னு நாங்க தினமும் கேட்கிறோம். என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

பனி நாட்டில் உறவினர் இருப்பவங்க அவங்களுக்கும் அனுப்பி வைங்க.